உன் அம்மாவின் முதல் சொல் எனக்கு இல்லை

தேவா,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரி நைனா, லேப்ல செல்லுங்களுக்குத் தண்ணி மாத்த டைமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். இதைச் சுமதிக்கும் படித்துக் காட்டு. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. வெட்கப்படுகிற கட்டத்தை நான் தாண்டிவிட்டேன்.

போன வாரம் நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று சுமதியைப் பற்றி. "நைனா, அது தெனமும் அதோட காலேஜ் ஃப்ரெண்டுகூட மணிக்கணக்கா பேசுது. என்கூட பேசினா கொட்டாவி வுடுது. கல்யாணம் பண்ணிக்கப் போறவன் நானு. அந்தப் பேச்சைக் கொஞ்சம் கொறச்சிக்கோனு சொல்லிட்டேன்" என்றாய். நான் "நல்லா சொன்னடா" என்பேன் என்று எதிர்பார்த்தாய். லைன் கட்டாகிவிட்டதென்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது, உன் அம்மாவைப் பற்றி. பேச ஆரம்பித்தவள் ஏன் மறுபடி வாயை மூடிக்கொண்டாள் என்று கேட்டாய். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், அதனால் இருக்கும் என்றேன். அப்படியென்றால் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவை உன் ஊருக்கே கூட்டிப்போய் வைத்தியம் பார்க்கிறேன் என்றாய். கல்யாணத்தைத் தள்ளி வைக்காதே. மாத்திரை எதையும் யாரும் மாற்றவில்லை. அவள் வாயை மூட வைத்தது நான். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நான் பொறாமைக்காரன், தேவா. ஊரில் எல்லோருக்கும் தெரியும், உனக்குத் தெரியாதது போல நடிக்கிறாய். நீ பிறந்தபோது உன்மேலேயே எனக்குப் பொறாமை. அதுவரை மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் கை விறைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள் உன் அம்மா. நீ வந்த பிறகு என் கை இருக்கிறதா, உருகிவிட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து அப்பனுக்கு வயிறெரியுமா என்று சுமதி கேட்பாள். எரிந்தது, சுமதி. என்ன செய்ய, சிலருக்குச் சர்க்கரை வருகிறது, எனக்கு இது வந்தது.

அப்புறம் உன் செல்கள். உன் லேபைப் பார்க்க நான் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இன்னொரு ரயில் பிடித்து, கசங்கிய சட்டையோடு வந்து இறங்கினேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக லேபுக்குக் கூட்டிப்போனாய். காலில் உறை, தலையில் தொப்பி எல்லாம் மாட்டிவிட்டாய். வெதுவெதுப்பான ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை எடுத்தாய். இளஞ்சிவப்புத் தண்ணீர், அதில் எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்த செல்கள். அதை மைக்ரோஸ்கோப்புக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குனிந்து பார்த்து, "இன்னாடா, நல்லா கீறீங்களா?" என்றாய். அந்த ஊரில் மனிதர்களோடு நீ பேசுகிற தமிழே வேறு, பட்டு வேட்டி கட்டின தமிழ். நம் வீட்டுத் தமிழை எடுத்து அந்தத் தட்டுக்குக் கொடுத்தாய். என்னை "சாப்ட்டியா நைனா" என்று நீ இன்னும் கேட்கவில்லை. அந்த எலிக்குஞ்சு மூளையின் செல்களுக்கு இருக்கிற யோகம் எனக்கில்லையே என்று நின்றேன்.

என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாய். புள்ளி புள்ளியாக இருந்தது, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய இழை ஓடியது. நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். "நைனா, கருவுல மூளை உருவாகும்போது தேவைக்கு மேலயே நரம்புச் செல்லு பொறக்கும். ஒவ்வொண்ணும் கைய நீட்டிக்கினே போய் எங்கியோ தொடும். தொட்ட எடத்துல ஒரு சத்து சுரக்கும். க்ரோத் ஃபாக்டர்னு பேரு. அது கொஞ்சந்தான் சுரக்கும். அது கெடச்ச செல்லு பொழைக்கும், கெளை வுடும். கெடைக்காதது தானே சுருண்டு போயிடும். அத்த யாரும் கொல்றதில்ல." நான் உடனே, "அப்ப அதுங்களுக்குள்ள போட்டியாடா?" என்று கேட்டேன். "ஆமா நைனா, செம போட்டி" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருஷம் என்னைப் பொறாமைக்காரன் என்று உன் அம்மா ஏசினாளே, மூளைக்குள்ளேயே அதுதானே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில் நீ இன்னொன்றும் செய்தாய். தட்டிலிருந்து பாதித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாகப் பாதி ஊற்றினாய். முழுவதையும் மாற்றினால் என்ன என்று கேட்டேன். "முழுசா எடுத்தா தாங்காது நைனா. பழைய தண்ணியில அதுங்க ஒண்ணுக்கொண்ணு வுட்டுக்கின சத்து கீது. பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் பொழைக்கும். ஒண்ண மட்டும் தனியா வுட்டா, நான் எவ்ளோ பார்த்துப் பார்த்து ஊத்தினாலும் கஷ்டந்தான்" என்றாய். இதை நான் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிட்டேன். வேண்டியதை மட்டும் காதில் போட்டுக்கொள்வது நம் வீட்டு வழக்கம். உனக்கும் அது உண்டு.

உன் அம்மா கரையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்ததும், வலது கையும் காலும் போனதும், பேச்சு போனதும் உனக்குத் தெரிந்த கதை. நீ வந்தாய், ஆஸ்பத்திரியில் ஓடினாய், வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். கிளம்புகிற அன்று என்னை உட்காரவைத்துச் சொன்னாய். செத்த செல் திரும்ப வராது, ஆனால் சுற்றியிருக்கிற செல்கள் புதுக்கிளை விட்டு அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள முடியும் என்றாய். அதற்கு அந்தச் சத்து வேண்டும். ஊசியில் போட்டால் மூளைக்குள் போய்ச் சேராது, மூளையே சுரக்க வேண்டும். கை கால் அசைய வேண்டும், பேச்சு காதில் விழ வேண்டும், பழகின வேலை நடக்க வேண்டும், மனுஷங்க வேண்டும் என்றாய். எவ்வளவு திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னாய். நீ பஸ் ஏறிப் போனாய். நான் வீட்டுக்குத் திரும்பி நடந்துவரும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்தச் சத்து நான்தான். வேறு யாரும் தேவையில்லை.

எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று ஊரைக் கேள். காலையில் ஐஸ் உடைத்து முடித்ததும் ஓடி வந்துவிடுவேன். தலை சீவினேன், பின்னலும் போட்டேன், அது கோணலாக இருந்தது வேறு விஷயம். வலது கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். பந்து உருண்டு ஓடும், நான் பின்னாலேயே ஓடுவேன். கிண்ணத்தைக் காட்டி, "கஞ்சி. சொல்லு பவுனு, கஞ்சி" என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். அவள் என் வாயையே பார்ப்பாள், அப்புறம் சுவரைப் பார்ப்பாள். ஒரு சத்தம் வராது. நானும் விடவில்லை. எனக்கு அந்த முதல் வார்த்தை வேண்டும், தேவா. அது கஞ்சியாக இருந்தாலும் சரி, கழுதையாக இருந்தாலும் சரி, என்னைப் பார்த்து வரவேண்டும்.

இங்கேதான் கன்னியம்மா வருகிறாள். சுமதிக்குத் தெரியாது என்பதால் விவரமாக எழுதுகிறேன். எங்கள் பெண்கள் ஏரியில் ஆழம் குறைந்த இடத்தில் வரிசையாக முட்டி போட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. கரையேறியதும் ஜோடி இரண்டு பேரும் பறியைக் கவிழ்த்து, ஒரே குவியலாக்கி, ஆளுக்குப் பாதி எடுப்பார்கள். ஒருத்திக்கு நிறைய, ஒருத்திக்கு ஒன்றுமில்லை என்றாலும் பாதிதான். ஜோடிக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் பாதி வீடு தேடி வரும். அந்தப் பாதியை ஒரு வீட்டில் வாங்காமல் திருப்பி அனுப்பினால் ஜோடி முறிந்தது என்று அர்த்தம். முறிந்த பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இறங்க மாட்டார்கள், ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள்.

உன் அம்மாவுக்கு ஜோடி கன்னியம்மா. இரண்டு பேரும் எளாவூர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். கன்னியம்மா முதலில் இந்த ஊருக்கு வாழ வந்தாள். "எங்க தெருவுல ஒரு பொண்ணு கீதுண்ணே, உனக்கு அதிகந்தான், கேட்டுப் பாக்கறியா?" என்று என்னிடம் சொன்னதே அவள்தான். நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியவன். ஆனால் நினைத்துப் பார், எனக்கு முன்னாலேயே உன் அம்மாவின் பக்கத்தில் அவள் இருந்தாள். உன் அம்மாவுக்கு எது பிடிக்கும், எது கோபம், எந்தப் பல் ஆட்டம் கண்டது எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும், எனக்கு இரண்டாம் கையாக வந்து சேரும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இது முள்தான்.

உன் அம்மா படுத்ததிலிருந்து கன்னியம்மா நாள் தவறாமல் வந்தாள். ஏரியிலிருந்து நேராக, சொட்டச் சொட்ட ஈரப் புடவையோடு, அலுமினியச் சட்டியில் பாதி இறாலோடு வருவாள். வந்தால் சும்மா போக மாட்டாள், கட்டிலுக்குக் கீழே குந்திக்கொண்டு ஊர்வம்பை அவிழ்ப்பாள். ஒரு நாள் சின்ன வயதில் தண்ணீர்ப்பாம்பைப் பார்த்த கதையை எடுத்தாள். "இவ பயந்து ஓடுன ஓட்டம் இன்னானு நெனக்கிறண்ணே! பறியத் துப்பிட்டு, பாவாடையத் தூக்கிக்கினு, கரைக்கே போய்ட்டா. நாந்தான் அந்தப் பாம்ப வாலப் புட்ச்சி வீசுனேன்" என்றாள். நான் அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கரகரப்பாக, ஆனால் தெளிவாக: "பொய்."

கன்னியம்மா உன் அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "பொய்தாண்டி, பொய்தான். நாந்தாண்டி ஓடுனேன். வாலப் புட்ச்சது நீதான்" என்றாள். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றேன். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் அடுப்பு எரிந்தது. மாதக்கணக்கில் மலம் அள்ளிக் கொட்டியவன் நான். முதல் சொல்லைத் தட்டிக்கொண்டு போனவள் பாம்பைப் பார்த்து ஓடியவள். அன்று மாலை நீ போனில் கேட்டபோது, "அம்மா பேசிட்டாடா" என்று மட்டும் சொன்னேன். யாரிடம் பேசினாள் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னிடம்தான் பேசினாள் என்று நீ நினைத்துக்கொண்டாய், நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி, நண்டு, கன்னி, வெயிலு. எல்லாம் கன்னியம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் வரும். அவள் எழுந்து போனதும் உன் அம்மா வாயை மூடிக்கொள்வாள், நான் கேட்டால் தலையாட்டல் மட்டும். ஒரு நாள் பொன்னேரிக்கு மாத்திரை வாங்கப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். தெருமுனையிலேயே உன் அம்மாவின் சிரிப்பு கேட்டது. விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏதோ நான் வரி வசூலிக்க வந்தவன் மாதிரி இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த இடத்தில்தான் பொறாமை என் கண்ணை மறைத்தது.

மறுநாள் கன்னியம்மா சட்டியோடு வந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன். "எங்க வூட்ல சோத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. எடுத்துக்கினு போ" என்றேன். அவள் சிரித்தாள், விளையாடுகிறேன் என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு போனது. "நெஜமாத்தான் சொல்றியாண்ணே? இதுக்கு இன்னா அர்த்தம்னு தெரிஞ்சிதான் சொல்றியா?" என்றாள். "தெரியும்" என்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன். ஜோடி முறிந்தால் உன் அம்மாவுக்கு நான் ஒருவன்தான் மிச்சம், அப்போது என்னிடம் பேசித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டேன். கன்னியம்மா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். உள்ளே கட்டிலில் உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நீ வீடியோ காலில் பார்த்த அந்த முகம் வந்தது. முதல் நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். கஞ்சியை ஊட்டினால் வாயோரம் வழியும், விழுங்குவதில் அக்கறை இல்லை. கையை எடுத்து மடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். கன்னியம்மா ஊரில் மற்ற பெண்களிடம் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் முன்னைவிட இரண்டு மடங்கு பாடுபட்டேன். நீ சொன்னது போலவே ஆனது, எவ்வளவு ஊற்றினாலும் தாங்கவில்லை. ஆனாலும் இறங்கிப்போக மனசு வரவில்லை. நீ மட்டும் சுமதியைப் பற்றி அப்படிப் பேசியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் இழுத்திருப்பேனோ தெரியாது. "கொறச்சிக்கோனு சொல்லிட்டேன்" என்று நீ சொன்னபோது, வாசலில் மறித்து நின்ற என் குரல் அப்படியே என் காதில் விழுந்தது. ஒரே குரல்டா நமக்கு. மூக்கைத்தான் என்னைப் போல வைத்துக்கொண்டு பிறந்தாய் என்று நினைத்தேன்.

போனை வைத்ததும் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலை மிதிக்கக் கூடாது, அதனால் தெருவிலேயே நின்றேன். அவள் வலையில் சிக்கின முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "கன்னியம்மா, நான் பண்ணது தப்பு. நாளைக்கி வூட்டுக்கு வா" என்றேன். "நீ வந்து கூப்ட்டா எப்பிடிண்ணே வர்றது? நீயா என் ஜோடி?" என்றாள். "அவளால நடந்து வந்து சொல்ல முடியாதே" என்றேன். "சொல்ல வாணாம். முறிஞ்ச ஜோடி தண்ணியிலதான் சேரணும். அவ கையால புட்ச்சத என் பறியில போடட்டும். இட்டுக்கினு வா" என்றாள். ரப்பர் பந்தைப் பிடிக்க முடியாத கை இறாலைப் பிடிக்குமா என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "புடிக்கலனா தெனமும் இட்டுக்கினு வா" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆட்டோவில் உன் அம்மாவை ஏற்றினேன். எங்கே என்று நான் சொல்லவில்லை. ஆட்டோ ஏரிப் பக்கம் திரும்பியதும் அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரையில் இறக்கி, என் தோளில் சாய்த்து, தண்ணீருக்குள் நடத்திக்கொண்டு போனேன். முட்டி அளவுத் தண்ணீர்தான், ஆனாலும் ஒவ்வொரு அடியையும் காலால் தடவிப் பார்த்துத்தான் வைத்தேன். பெண்கள் வரிசையில் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். உட்காரவைத்தேன், தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. ஒரு பக்கம் கன்னியம்மா. இன்னொரு பக்கம் நான், உன் அம்மாவின் பழைய பறியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு. ஒரு ஆண் பிள்ளை பெண்கள் வரிசையில் முட்டி போட்டு நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். கன்னியம்மா உன் அம்மாவின் வலது கையை எடுத்துச் சேற்றில் வைத்தாள். "தடவுடி" என்றாள். அவ்வளவுதான், பிறகு அவள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள், உன் அம்மா பக்கம் திரும்பக்கூட இல்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கையைச் சேற்றில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள், ஆனால் அன்று வீட்டுக்குப் போய் வைத்த கஞ்சியை வழியாமல் குடித்தாள். முந்தாநாள் நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோள் சட்டென்று இறுகியது. தண்ணீருக்குள்ளிருந்து வலது கை மெல்ல மேலே வந்தது. விரல்கள் மடங்கியிருந்தன, தேவா. நடுவிலே ஒரு பொடி இறால் துள்ளியது. கழுத்திலிருந்த பறியை இரண்டு கையாலும் விரித்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "போடு பவுனு, போடு" என்றேன். அவள் என் பறியைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கையை, நடுங்க நடுங்க, அந்தப் பக்கம் கொண்டுபோய், கன்னியம்மாவின் பறியில் போட்டாள்.

வரிசை முழுக்கக் குலவை போட்டார்கள். கன்னியம்மா பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே அழுதாள். என் பறி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க மாட்டேன், அந்த ஒரு பொடி இறாலின் மேல்கூடப் பொறாமை வந்தது. அப்போது உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். "போ" என்றாள். எனக்குப் புரியவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். கன்னியம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "உன்னத்தாண்ணே சொல்றா. நாங்க பாத்துக்கறோம், நீ போய் ஐஸ ஒடை" என்றாள். உன் அம்மா தலையாட்டினாள். இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாகவே, "போ" என்றாள். நான் போனேன். கரையேறி, ஈர வேட்டியோடு மார்க்கெட் வரைக்கும் நடந்தேன், வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் "பவுனு என்கிட்ட பேசிட்டா" என்றேன். என்ன பேசினாள் என்று கேட்டார்கள். அதைச் சொல்லவில்லை.

பொறாமைப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது நம் ரத்தத்தில் இருக்கிறது, வந்துதான் தீரும். வந்தால் வரட்டும், அதைச் சுமதியின் வாசலில் நிறுத்தாதே. அவள் அந்தத் தோழியோடு பேசிச் சிரித்துவிட்டு உன்னிடம் கொட்டாவி விட்டால் விடட்டும். உன்னிடம் வரும்போது அவள் முழு ஆளாக வருவதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணமாக இருக்கும். அவளுக்கு நீ ஒருவனே எல்லாமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படாதே. நான் இருந்து பார்த்தேன். என் கையில் உன் அம்மா வாடிப்போனாள். இன்றைக்கே சுமதிக்குப் போன் செய்து, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள். உன் தட்டில் இருக்கிறதுகளுக்கு நீ பார்த்துப் பார்த்துச் செய்கிறதில் பாதியை அவளுக்குச் செய்தால் போதும்.

அம்மாவை உன் ஊருக்குக் கூட்டிப்போகிற பேச்சை விட்டுவிடு. இங்கே பொன்னேரியில் டாக்டரிடம் காட்டுகிறேன், நீ சொல்கிற பயிற்சி எல்லாம் செய்கிறேன். தண்ணீரை விட்டு, வரிசையை விட்டு அவளைப் பிரிக்காதே. இந்த இரண்டு நாளாக என்னைப் பார்க்கிறபோதெல்லாம் பேசுகிறாள், எல்லாம் அந்த ஒரே வார்த்தைதான். கஞ்சி கொடுத்தால் போ, தலை சீவினால் போ. நான் போகாமல் நின்றால் உதட்டோரம் சிரிக்கிறாள். அதை வேறு யாருக்கும் அவள் சொல்வதில்லை, விசாரித்துவிட்டேன்.

குறித்த தேதியிலேயே கல்யாணம் நடக்கட்டும். உன் அம்மாவையும் கன்னியம்மாவையும் நானே ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். மணமேடைக்குப் பக்கத்தில் உன் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடு, அவள் வலது கைப்பக்கம் கன்னியம்மாவுக்குப் போடு. எனக்கு அந்த வரிசையிலேயே எங்கேயாவது ஒன்று இருந்தால் போதும். ரொம்பத் தள்ளி மட்டும் போட்டுவிடாதேடா.

உன் நைனா